கண்ணிழந்த ஓரியன்: ஆறாவது வாரம்

ஓரியனின் கை வந்துவிட்டது! மூன்று முறை கத்தியால் சுரண்டி எடுத்தேன். நான்காவது முறை போட்டதில்தான் அது வழி துழாவுகிற கையாகத் தெரிகிறது.

நான் பிரதி எடுப்பது நிகோலா பூசான் 1658இல் வரைந்த ‘கண்ணிழந்த ஓரியன்’ எண்ணெய் ஓவியம். அவர் பிரான்சில் பிறந்தவர், ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதி ரோமில்தான். அசல் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 119க்கு 183 செ.மீ. என்னுடையது 16க்கு 24 இன்ச் கேன்வாஸ், மூன்றில் ஒரு பங்கு. கட்டம் போட்டபோது உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் மிச்சம் வந்தது. அடியில் பென்சில் கோடு இழுத்து அதை விட்டுவிட்டேன்.

கிரேக்கப் புராணத்தில் வேட்டைக்கார ராட்சதன் ஓரியனைக் கியோஸ் தீவின் அரசன் குருடாக்கிவிடுகிறான். உதிக்கும் சூரியனின் ஒளி பட்டால் பார்வை திரும்பும் என்று ஒரு வாக்கு. வழி சொல்ல செடாலியன் என்பவனைத் தோளில் நிறுத்திக்கொண்டு ஓரியன் நடக்கிறான். காலடியில் நெருப்புக் கடவுள் ஹெஃபஸ்டஸ் வழி காட்டுகிறார், மேலே மேகத்தின் மேல் வேட்டைத் தெய்வம் டயானா சாய்ந்து பார்க்கிறாள். நம் திருவாதிரை நட்சத்திரம் இருப்பது இவன் பெயர்கொண்ட விண்மீன் கூட்டத்தின் தோளில்தான். அது நினைவுக்கு வந்ததிலிருந்து அந்தத் தோளை வரைய எனக்குத் தனிப் பிரியம்.

அடிப்பூச்சு செம்பழுப்பு. அது காய்ந்ததும் அம்பர் (umber) என்ற மண் பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் கரைத்து வெளிச்சம், நிழல் மட்டும் போட்டேன். மரங்களில்தான் சறுக்கினேன். டியூபில் இருந்த பச்சையை அப்படியே வைத்ததில் கண்ணைக் குத்தியது. துடைத்துவிட்டு மஞ்சள் ஓக்கர் என்ற மண் மஞ்சளும் அல்ட்ராமரீன் நீலமும் கலந்து, கொஞ்சம் அம்பரும் சேர்த்தபிறகு காடு பின்னால் போய் நின்றது.

அப்புறம் கை. முதலில் போட்டது கட்டளையிடும் கை. அடுத்தது ஆசீர்வாதம் செய்தது. மூன்றாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சரி என்று ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் நடந்தேன். முழங்கை முழுசாக நீளவே இல்லை. மணிக்கட்டு லேசாக மேலே தூக்கிக்கொண்டது, விரல்கள் தாமாக விலகின, உடல் பாரம் பின்னங்காலிலேயே நின்றது. மறுநாள் அந்த மணிக்கட்டை ஒரு நூல் அளவு மேலே தூக்கினேன். அவ்வளவுதான், ஆள் குருடனாகிவிட்டான். இதை வரைந்தபோது பூசானுக்கு அறுபது தாண்டிவிட்டது, கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு இப்படி ஒரு கையை வைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது மனசு நெகிழ்கிறது.

அவர் சின்ன மெழுகு உருவங்களைப் பெட்டிக்குள் நிறுத்தி, ஓட்டை வழியே வெளிச்சம் விட்டு நிழலைப் பார்ப்பாராம். நானும் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் களிமண் ஓரியனை நிறுத்தி, தோளில் இன்னொரு சின்ன உருவத்தை ஒட்டி, போன் டார்ச்சைப் பிடித்தேன். மேலே நிற்பவனின் நிழல் ராட்சதன் முதுகில் சரிந்து விழுந்தது. படத்தில் முதுகு ஏன் அங்கே இருண்டிருக்கிறது என்று அதுவரை புரியாமலே நகலெடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தலையருகே வரும் கருமேகம். சூரியனுக்கும் அவனுக்கும் நடுவில் அது கிடப்பதால், ஓரம் கூர்மையாக இருந்தால் பாறை மாதிரி ஆகிவிடுகிறது. ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தடவிக் கரைக்கிறேன். இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் இன்னும் பாறையாகத்தான் இருக்கிறது. அது காய்ந்ததும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் கூட்டி மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும், அதற்கு அடுத்து ஹெஃபஸ்டஸின் சுட்டுவிரல்.