செர்டாவின் தோட்டங்களைத் தேடி

முதல் நாள் காலையிலேயே வழி தவறிவிட்டோம். பார்சிலோனாவின் எஷாம்ப்ளா பகுதியில் வழி தவறுவது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம். தெருவெல்லாம் நேர்கோடு, பிளாக்கெல்லாம் ஒரே அளவுச் சதுரம். சந்து பொந்து என்று எதுவும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிளாக்கின் நான்கு முனைகளையும் சாய்வாக வெட்டியிருக்கிறார்கள். அதனால் இரண்டு தெருக்கள் சந்திக்கிற ஒவ்வோர் இடமும் எண்கோண வடிவில் ஒரு சிறு திடலாகிவிடுகிறது. சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகள் முனையில் இருப்பதில்லை, சற்று உள்ளே தள்ளியிருக்கின்றன. நேராக நடக்கிறவன் உள்ளே திரும்பி, கடந்து, மறுபடி வெளியே திரும்ப வேண்டும். இப்படி ஐந்தாறு முனை திரும்பியதில் எங்களுக்குத் திசை போய்விட்டது. நான்கு பக்கமும் ஒரே மாதிரி தெரு, ஒரே மாதிரி மரம்.

"என்னடா இது, ஒவ்வொரு முனையையும் கத்தியால சீவிவிட்ட மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா.

சீவியவர் பெயர் இல்டெஃபோன்ஸ் செர்டா. உண்மையைச் சொன்னால், இந்தப் பயணமே அவருக்காகத்தான். பார்சிலோனாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கௌதியின் கட்டடங்களைப் பார்க்க வருகிறார்கள். அக்காவும் அப்படித்தான். எனக்கோ செர்டா 1859-ல் வரைந்த நகர வரைபடத்தின் நகல் ஒன்று பல மாதங்களாகக் கைபேசியில் இருந்தது. அந்த வரைபடத்தில் சதுரங்களின் இரண்டு பக்கங்களில் மட்டும்தான் வீடுகள். நடுப்பகுதி திறந்த தோட்டம். அதாவது ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் ஒரு பூங்கா. இன்று மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால் நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் தகரக்கூரைகளும் மொட்டைமாடிகளும். அந்தத் தோட்டங்கள் எங்கே போயின, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். அக்கா பாதி மனதோடு ஒப்புக்கொண்டாள்.

எஷாம்ப்ளா என்றால் கட்டலான் மொழியில் விரிவாக்கம். எதிலிருந்து விரிந்தது என்று தெரிய, முதலில் பழைய நகரத்துக்குள் போக வேண்டும். கோதிக் பகுதியின் சில சந்துகளில் இரண்டு கைகளையும் விரித்தால் இருபுறச் சுவரையும் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. வெயில் தரையைத் தொடுவதே இல்லை. நமக்கு அது அழகு, புகைப்படம் எடுக்கத் தோன்றுகிறது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது அப்படி இருந்திருக்காது.

1714-ல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு நகரம் ஐந்தாம் ஃபிலிப் மன்னரின் படையிடம் வீழ்ந்தது. அடங்காத நகரத்தை அடக்கி வைக்க, ரிபேரா குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்து அங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். நகரைச் சுற்றியிருந்த மதிலும் அப்படியே நின்றது. மதிலுக்கு வெளியே பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை யாரும் வீடு கட்டக் கூடாது. அப்புறம் நெசவாலைகள் வந்தன, ஆட்கள் வந்து குவிந்தார்கள். நகரம் பக்கவாட்டில் வளர வழியில்லை, ஆகவே மேலே வளர்ந்தது. மாடிமேல் மாடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மதிலுக்குள் 1,50,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். காலரா திரும்பத் திரும்ப வந்தது. பெரே ஃபெலீப் மோன்லாவ் என்ற மருத்துவர், மதில்கள் ஒழிய வேண்டும் என்று 1841-லேயே எழுதினார். கடைசியில் இடிக்க அனுமதி கிடைத்தது 1854-ல், அதுவும் ஒரு காலரா ஆண்டு.

செர்டா கட்டடக் கலைஞர் அல்ல, சாலைகளும் பாலங்களும் போடப் படித்த பொறியாளர். 1815-ல் பிறந்தவர். 1840-களில் தென் பிரான்சின் நீம் நகரில் முதன்முறையாக நீராவி ரயிலைப் பார்த்திருக்கிறார். இயந்திரத்தைவிட அதிலிருந்து மொத்தமாக இறங்கிய கூட்டம்தான் அவரை உலுக்கியது. இத்தனை பேர் இத்தனை வேகத்தில் நகரத் தொடங்கிவிட்டால், வண்டியும் கழுதையும் போகக் கட்டிய ஊர்கள் என்ன ஆகும்? குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் 1849-ல் அரசு வேலையை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பின்னால் போய்விட்டார்.

எனக்கு அவரிடம் பிடித்தது, வரைவதற்கு முன் எண்ணினார் என்பதுதான். 1856-ல் பார்சிலோனாத் தொழிலாளர்களின் கூலி, வாடகை, வீட்டின் அளவு, சாப்பாட்டுச் செலவு என்று தொழில்வாரியாகக் கணக்கெடுத்தார். ஏழை வீட்டார் எத்தனை சீக்கிரம் சாகிறார்கள், பணக்கார வீட்டார் எத்தனை ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்பதையும் கணக்கிட்டார். ஒருவர் மூச்சுவிட எவ்வளவு காற்று வேண்டும் என்பதிலிருந்து அறையின் அளவு, அறையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து தெரு என்று அவர் கணக்கு வெளியே நகர்கிறது. பின்னாளில் இதையெல்லாம் சேர்த்து 1867-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டபோது, இந்தச் செயலுக்குப் பெயரே இல்லையே என்று லத்தீனிலிருந்து ஒரு சொல்லை உருவாக்கினார். நகராக்கம் என்று நாம் சொல்வதற்கு இணையாக ஐரோப்பிய மொழிகளில் இன்று புழங்கும் சொல் அவர் ஆக்கிய 'உர்பனிஸாசியோன்'தான்.

சரி, தெருவுக்கு வருவோம். ஒரு பிளாக்கின் பக்கம் 113.3 மீட்டர். நான் காலடி எண்ணி அளந்து பார்த்தேன். மூலை வெட்டில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியாமல் இரண்டு முறை கணக்கு கெட்டது. வழக்கமான தெரு 20 மீட்டர் அகலம். அதில் நடுவே 10 மீட்டர் வண்டிகளுக்கு, இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் நடப்பவர்களுக்கு. சரிபாதி! கார் என்ற ஒன்று வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படிப் பிரித்துவிட்டார். பிளாக்குகளின் பக்கங்கள் வடக்கு தெற்காக இல்லாமல் 45 பாகை திரும்பி நிற்கின்றன. அதனால் எந்தப் பக்கத்து வீட்டுக்கும் நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் வெயில் கிடைத்துவிடும். மூலைகளை வெட்டியதற்குக் காரணமும் அந்த ரயில்தான். ஒரு நாள் நீராவி வண்டிகள் தெருக்களிலேயே ஓடும், அவை திரும்ப இடம் வேண்டும், எதிரே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார். நீராவி வண்டி வீட்டு வாசலுக்கு வரவில்லை. அந்த வெட்டு மூலைகளில் இப்போது சரக்கு வண்டிகள் நிற்கின்றன, குப்பைத் தொட்டிகள் நிற்கின்றன. நடப்பவனோ ஒவ்வொரு முனையிலும் வளைந்து போகிறான். செர்டாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் மாலையில் கால் வலித்தபோது இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் கிராசியா பகுதிக்கு நடந்தோம். கிராசியா தனி ஊராக இருந்து பிறகு நகரத்தோடு சேர்ந்தது. ஆகவே தெருக்கள் அங்கே இஷ்டப்படி வளைகின்றன. அங்கே ஒரு சிறு சதுக்கத்தில், பொது பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒரு வெண்கல மனிதர். அந்தோனி ரோவிரா இ த்ரியாஸ். 1859-ல் பார்சிலோனா நகரசபை நடத்திய போட்டியில் வென்றவர் இவர்தான், செர்டா அல்ல. பழைய நகரை மையமாக வைத்து விசிறிபோல விரியும் ஒரு நகரத்தை வரைந்தார். நகரத்தின் வடிவம் கட்டடக் கலைஞரின் வேலை என்பதைவிடக் காலத்தின் வேலை என்பது அவர் போட்டிக்கு எழுதிய முகப்பு வாசகம். ஆனால் மத்ரீத் அரசு செர்டாவின் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1860-ல் இரண்டாம் இசபெல் அரசி அடிக்கல் நாட்டினார். எங்கள் ஊருக்கு எது வேண்டும் என்று தலைநகரம் முடிவு செய்வதா என்ற கோபம் பார்சிலோனாக்காரர்களுக்கு. அந்தக் கோபம் செர்டாவின் தலையில் விழுந்து பல தலைமுறைக்கு நீடித்தது. கட்டடக் கலைஞரும் அரசியல்வாதியுமான புய்ச் இ கதஃபால்க் இந்தச் சதுரங்களைக் கடைசிவரை வெறுத்தார். அவர் கட்டிய அமத்யேர் மாளிகையும் அந்தச் சதுரம் ஒன்றில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ரோவிராவின் காலடியில் அவருடைய வரைபடத்தையே உலோகத்தில் வார்த்துத் தரையில் பதித்திருக்கிறார்கள். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவரோடது அழகா இருக்கேடா. ஏன் வேணாம்னாங்க?"

அழகுதான். ஆனால் விசிறி என்றால் ஒரு கைப்பிடி உண்டு. மையம் என்று ஒன்று வந்துவிட்டால் அதன் அருகில் யார், விளிம்பில் யார் என்பதும் கூடவே வந்துவிடும். செர்டாவின் கட்டத்தில் எந்தச் சதுரமும் இன்னொன்றைவிட உசத்தி இல்லை. பள்ளி, சந்தை, மருத்துவமனை, பூங்கா எல்லாவற்றையும் பகுதி பகுதியாகச் சமமாகப் பரப்பியிருந்தார். அந்தச் சமத்துவத்துக்குக் கொடுத்த விலைதான் நாங்கள் முதல் நாள் வழி தவறிய அந்த ஒரே மாதிரித் தன்மை. எனக்கு அந்த விலை சம்மதம். அக்காவுக்கு இல்லை. அதைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் பேசினோம்.

சமத்துவமும் முழுதாக நிற்கவில்லை. பணக்காரர்கள் கிராசியா பெருஞ்சாலையின் இருபுறமும் இடம் பிடித்தார்கள். கௌதியின் மிலா மாளிகை அங்கேதான், செர்டா வெட்டிய மூலை ஒன்றின்மீது அலைபோல வளைந்து நிற்கிறது. அந்த வெட்டு இல்லாவிட்டால் கௌதிக்கு அந்த வளைவு வாய்த்திருக்குமா என்று யோசித்துக்கொண்டே வரிசையில் நின்றேன்.

தோட்டங்கள் போன கதை சுருக்கமானது. மனைக்காரர்களுக்கு இரண்டு பக்கம் கட்டி நடுவை வெறுமனே விடுவது நஷ்டமாகப் பட்டது. முதலில் மூன்றாவது பக்கம், பிறகு நான்காவது. பிறகு உள்ளே அச்சகம், பட்டறை, கிடங்கு, கார் நிறுத்தம். செர்டா 16 மீட்டர் என்று வைத்த உயர வரம்பையும் பின்னால் வந்த விதிகள் தளர்த்திக்கொண்டே போயின. பல கட்டடங்களின் தலையில் பிற்காலத்தில் ஏற்றிய மாடிகள் கீழே நின்று பார்த்தாலே தெரிகின்றன, ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி.

மூன்றாம் நாள்தான் தேடியது கிடைத்தது. முதலில் பெர்மான்யே சந்து. ஒரு பிளாக்கின் குறுக்கே போகும் சிறு வழி. இரும்புக் கதவு, உள்ளே தாழ்ந்த வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் சிறு தோட்டம். 1860-களில் கட்டியவை. பொதுத் தோட்டம் அல்ல, வசதியானவர்களின் தனி முற்றங்கள்தான். ஆனாலும் வெளியே தெருவில் இருந்த இரைச்சல் பத்தடி உள்ளே வந்ததும் அடங்கிவிட்டது. செர்டா சதுரத்தின் நடுவில் எதை வைக்க நினைத்தார் என்று அப்போதுதான் என் காதுக்குப் புரிந்தது.

அதன் அருகிலேயே ரொஜே தெ யூரியா தெருவில் 56-ஆம் எண். சாதாரண வீட்டு நுழைவழி போலத் தெரிந்ததால் முதல் தடவை தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வந்து நீண்ட இருட்டான நடைவழியில் போனால், மறுமுனையில் பளீரென்று வெளிச்சம். நடுவில் செங்கல்லால் எழுப்பிய தண்ணீர்க் கோபுரம், 1867-ல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றக் கட்டியது. சுற்றி மரங்கள். கோபுரத்தின் அடியில் ஆழமில்லாத ஒரு குளம். ஜூலை மாதம் என்பதால் குளம் நிறையக் குழந்தைகள். அடைபட்டுப்போன உள்முற்றங்களில் நகரசபை மீட்டெடுத்துப் பொதுவில் திறந்த முதல் இடம் இதுதான், 1987-ல். அதன் பிறகு இப்படிப் பல முற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் வீடுகளின் பின்புறம். தெருவுக்குக் காட்டும் பூவேலையும் சிற்பமும் இங்கே இல்லை, பால்கனிகளும் காயும் துணிகளும்தான். மேலே ஒரு பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கைபேசியில் 1859 வரைபடத்தை எடுத்து அக்காவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "பாதியாவது கிடைச்சுதே" என்றாள். பாதிகூட இல்லை. ஆனால் மறுக்கத் தோன்றவில்லை.

கொன்செல் தெ சென்ட் தெருவிலும் ஒரு சாயங்காலம் நடந்தோம். 2023-ல் அதன் பெரும்பகுதியை நடப்பவர்களுக்கென்று மாற்றியமைத்திருக்கிறார்கள். நடுத்தெருவில் செடிகளும் பெஞ்சுகளும். முதல் நாள் நான் திட்டிய எண்கோணத் திடல்களில் சிலவற்றை அங்கே உண்மையான சதுக்கங்களாகவே ஆக்கிவிட்டார்கள். நீராவி வண்டி திரும்புவதற்காக விட்ட இடத்தில் இரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

செர்டா 1876-ல் இறந்தார். தன் சொத்தையெல்லாம் இந்த வேலையிலேயே கரைத்துவிட்டு, செய்த வேலைக்குரிய பணமும் முழுதாக வந்துசேராமல், பார்சிலோனாவை விட்டுத் தொலைவில், வட ஸ்பெயினின் ஒரு வெந்நீர் ஊற்று ஊரில். கௌதியின் பெயர் நகரத்தில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிறது. செர்டாவின் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றேன். வரைபடத்தில் தேடினால் அது நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில், கிரான் வியா பெருஞ்சாலையில், அவர் வரைந்த சதுரங்களுக்கு வெளியே இருந்தது. பெரிய வாகனச் சந்திப்பு. நேரம் இல்லாமல் விட்டுவிட்டோம்.

கடைசி நாள் விமான நிலையப் பேருந்து அந்த வழியாகத்தான் போனது. அக்கா தூங்கிவிட்டிருந்தாள். பெயர்ப் பலகை தெரிகிறதா என்று நான் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன். வண்டிகள் நெருக்கியடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன, நடப்பவர் ஒருவரையும் காணோம். படம் எடுக்கக் கைபேசியைத் தூக்குவதற்குள் சதுக்கத்தைத் தாண்டிவிட்டோம்.