கெண்டைக்கால் நரம்பை எடுத்துக் கைக்கு ஒட்டும்போது

மணிக்கட்டுக்கு மேலே கண்ணாடி கிழித்து, கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பு அறுந்தவர், சில மாதம் கழித்து வந்தால் இரண்டு முனையையும் இழுத்துத் தைக்க முடியாது. முனைகள் சுருங்கி விலகியிருக்கும். வம்படியாக இழுத்துத் தைத்தால் தையல்வாயில் ரத்த ஓட்டம் குறைந்து தழும்புதான் வளரும். இழுவையே கூடாது என்று வியன்னாவில் அறுவை மருத்துவர் ஹான்னோ மில்லெசி 1970களில் அழுத்திச் சொன்னது இன்றும் மாறவில்லை. அதனால் காலிலிருந்து எடுத்த நரம்பை இழைகளாக வெட்டி, இடைவெளியில் ஒட்டாக வைப்பார்கள்.

முதல் வேலை, மேல்முனையில் உருண்டிருக்கும் நரம்புத் தழும்புக் கட்டியை (நியூரோமா) புது பிளேடால் ஒரு மில்லிமீட்டர் வில்லைகளாகச் சீவுவது. மைக்ராஸ்கோப்பில் வெட்டுமுகம் வெளுத்துக் கெட்டியாகத் தெரிந்தால் அது இன்னும் தழும்புதான். நரம்புக் கற்றைகள் தனித்தனியாகப் பிதுங்கி, புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்த பிறகே கையை நிறுத்தலாம். இடைவெளி கூடுகிறதே என்று இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு எவ்வளவு நன்றாகத் தைத்தும் பயனில்லை.

மணிக்கட்டை நீட்டி வைத்தே அளக்க வேண்டும். மடக்கி அளந்தால் கட்டுப் பிரித்ததும் ஒட்டு இழுபடும். இடைவெளி 4 செ.மீ. என்றால் இழை ஒவ்வொன்றும் 4.5 முதல் 4.8 செ.மீ. மீடியனின் பருமனுக்கு நான்கு இழை வேண்டியிருந்தால் மொத்தம் 20 செ.மீ.க்குள் அடங்கும், ஒரு கால் போதும். வெளிக்கணுக்காலுக்குப் பின்னால், சிறிய சஃபீனஸ் சிரையை ஒட்டி ஓடும் கெண்டைக்கால் நரம்பான சூரல் நரம்பைத்தான் எடுப்பார்கள். ஒட்டிய இழை முதல் சில நாள் சுற்றியுள்ள திசுநீரை உறிஞ்சியே பிழைக்கும். தடித்த ஒற்றை நரம்பை வைத்தால் நடுப்பகுதி செத்துவிடும், அதனால்தான் மெல்லிய இழைகள். கிளைகள் வழியே புதிதாக வளரும் நரம்புத் துளிர்கள் விலகிப் போகாமலிருக்க இழையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பதுண்டு. 9-0 என்ற மிக மெல்லிய நைலான் நூலில் முனைக்கு இரண்டு மூன்று தையல், மேலே ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதத்தாலான பசை. அதிகத் தையலும் தழும்புக்கே தீனி.

சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. நரம்பு எடுத்த காலில் பாதத்தின் வெளியோரம் மரத்திருக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல்நுனிக்கு உணர்வு திரும்பும்வரை காபி டம்ளர் சுடுவதுகூடத் தெரியாது, மற்றக் கையால் தொட்டுப் பார்த்தே எடுக்க வேண்டும்.

நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். ஒட்டின் மேல் விரலால் தட்டினால் சுர்ரென்று ஓடும் இடம் மாதத்துக்கு மாதம் கீழே இறங்க வேண்டும். கீழ்த்தையலிலேயே அது மாதக்கணக்கில் நின்றுவிட்டால் அங்கே தழும்பு அடைத்திருக்கக்கூடும். கட்டைவிரல் மேட்டுத் தசை சூம்பி முடிவதற்குள் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம்.