பேக்கப்புக்காக யுஏசியை அணைக்காதீர்கள்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் அடிக்கடி பார்க்கிறேன். ராத்திரி பேக்கப் ஓடவில்லை என்று, விண்டோஸ் அனுமதி கேட்கும் யுஏசி பெட்டியையே அணைத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விஸ்டா காலத்தில் வந்த அந்தப் பெட்டி, நமக்குத் தெரியாமல் ஒரு புரோகிராம் அட்மின் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். மொத்த ஆர்டர் கணக்கும் இருக்கிற மெஷினில் அது இல்லாமல் எப்படி?

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் பேக்கப் வேலையை அட்மின் கணக்கில் போட்டு, ஜெனரல் பக்கத்தில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். பெட்டி கேட்காமலே ஓடும். பக்கத்திலேயே 'ரன் வெதர் யூசர் இஸ் லாக்டு ஆன் ஆர் நாட்' இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் யாரும் லாகின் செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, சர்வர் ஃபோல்டருக்கு நீங்கள் எழுத்துக் கொடுத்து மேப் செய்து வைத்த இசட் டிரைவ் அந்த வேலையின் கண்ணுக்குத் தெரியாது. சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். நான் பார்த்தவரை பேக்கப் நிற்பது பெரும்பாலும் இங்கேதான்.

அப்புறம், ரிமோட்டில் பார்க்கும்போது திரை திடீரென்று உறைந்தால் பதற வேண்டாம். யுஏசி பெட்டி செக்யூர் டெஸ்க்டாப்பில், அதாவது மற்ற புரோகிராம்கள் எட்டாத தனித் திரையில் வந்திருக்கும், சாதாரணமாகத் திறந்த ரிமோட் மென்பொருளால் அதைத் தொட முடியாது. "அண்ணா, அங்க யெஸ் அமுக்குங்க" என்று போனில்தான் சொல்லணும். ரிமோட் மென்பொருளைச் சர்வீஸாக (விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் புரோகிராமாக) நிறுவினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

பேக்கப்புக்கு விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி பயன்படுத்துபவர்களுக்கு: அது முடிந்ததும் தரும் எண் 1 என்று வந்தால் பிழை அல்ல, கோப்புகள் நகலாகிவிட்டன. 8, அதற்கு மேல் வந்தால்தான் சிக்கல்.