ஒரே ஒரு /24, ஆறு பங்கு: செட்டிநாட்டு வீட்டில் விஎல்எஸ்எம் போட்ட அனுபவம்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியபோது நெட்வொர்க் வேலை என்னிடம் வந்தது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் வீடு. முகப்பில் வைத்த வைஃபை வளவைத் தாண்டாது, அவ்வளவு கனமான சுவர். தேக்கு உத்தரத்தில் ஆணிகூட அடிக்கக் கூடாது. கேபிள் இழுத்த பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஐபி முகவரிகளை விஎல்எஸ்எம் முறையில், அதாவது ஒவ்வொரு பங்கையும் தேவைக்கேற்ற வேறு வேறு அளவில் வெட்டி, பங்கிட்டதை மட்டும் சொல்கிறேன்.

தலைமை அலுவலகம் கிளைக்கு ஒரு /24 (32 பிட் முகவரியில் முதல் 24 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 8 பிட்டில் 256 முகவரி) என்று கொடுத்து, எல்லாக் கிளைகளையும் விபிஎன் என்ற தனி இணைப்பில் கோத்திருந்தது. எங்களுக்கு 192.168.40.0. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை வேறு கிளைகளுடையவை. ஆகவே 256 முகவரிக்குள்தான் எல்லாமே.

தேவையை எழுதிப் பார்த்தேன். விருந்தினர் வைஃபைக்கு 100, கேமராக்களுக்கு 50, அலுவலகக் கணினிகளுக்கு 25, பில்லிங் மெஷின், பிரிண்டர் வகையில் 10. அது போக ரவுட்டர் இணைப்புகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டே முகவரி.

"எட்டாச் சமமாப் பிரிச்சிரலாமே சார்" என்றார் மேனேஜர். எட்டாக்கினால் ஒரு பங்குக்கு 32 முகவரி. பங்கையே குறிக்கும் முதல் முகவரி (நெட்வொர்க் முகவரி), பங்கில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் கடைசி முகவரி (பிராட்காஸ்ட்) இரண்டையும் கழித்தால் 30. விருந்தினருக்குப் போதாது, ரவுட்டர் இணைப்பிலோ 28 வீண். நான்காக்கினாலும் 62 தான், 100 அடங்காது. மாஸ்க் (முகவரியில் எதுவரை நெட்வொர்க் என்று காட்டும் எண்) எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்று நினைப்பதால் வரும் முட்டுக்கட்டை இது. 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1009 என்ற இணைய விதி ஆவணம் இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது: ஒரே நெட்வொர்க்குக்குள் பல நீள மாஸ்க் வைத்துக்கொள்ளலாம்.

பெரியதை முதலில் வைத்தேன். (முன்னால் உள்ள 192.168-ஐ விட்டு எழுதுகிறேன்; சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் ஒன்று கூடினால் பங்கு பாதியாகும்.) விருந்தினருக்கு 40.0/25, அதாவது 0 முதல் 127 வரை. கேமராவுக்கு 40.128/26, 191 வரை. அலுவலகத்துக்கு 40.192/27, 223 வரை. பிரிண்டர்களுக்கு 40.224/28, 239 வரை. ரவுட்டர் இணைப்புகளுக்கு 40.240/30, 40.244/30. மீதி 248 முதல் 255 வரை, ஒரு /29.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. 64 முகவரி கொண்ட பங்கு 0, 64, 128, 192 இவற்றில்தான் தொடங்க முடியும். கேமரா ஆள், "நூறுல இருந்து குடுங்க, ஞாபகம் வச்சுக்க ஈஸி" என்று கேட்டார். 40.100-க்கு /26 போட்டால் அது 64 முதல் 127 வரையுள்ள பங்கில் விழும், விருந்தினர் இடத்துக்குள். சின்னதை முதலில் ஆங்காங்கே வைத்துவிட்டால் பெரியதற்குத் தொடர்ச்சியான இடமே கிடைக்காது. வீட்டுக்கார ஆச்சி என் தாளைப் பார்த்துவிட்டு, "பங்கு பிரிக்கிறியா தம்பி? எல்லாருக்கும் சமமா இல்லையே" என்றார். "ஆளுக்குத் தக்க பங்கு ஆச்சி" என்றேன்.

இயக்கிய பிறகு ஒரு சிக்கல். அலுவலகத்துக் கணினி 40.200-இல் இருந்து பிரிண்டர் 40.226-க்கு அனுப்பினால் பதிலே இல்லை. பிரிண்டரின் திரையில் பார்த்தால் மாஸ்க் /24-க்கான 255.255.255.0 என்று பழையபடியே இருந்தது. அதன் கணக்கில் 200-ஆம் ஆள் அதே நெட்வொர்க்கில் இருப்பவர், அதனால் பதிலை ரவுட்டருக்கு அனுப்பாமல் நேரே தேடிக்கொண்டிருந்தது. /28-க்கான 255.255.255.240 என்று மாற்றியதும் காகிதம் வந்தது. டிஎச்சிபியில் (ஐபியையும் மாஸ்க்கையும் தானாகக் கொடுக்கும் முறை) வரும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, கையால் ஐபி போட்டவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பதுதான் வழி.

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையைப் போட்டேன். அதே வேலைக்கான பழைய நெறிமுறை ரிப்; அதன் பதிப்பு 1 மாஸ்க்கைக் கூடவே அனுப்பாது என்பதால் விஎல்எஸ்எம்முக்கு உதவாது. பதிப்பு 2 அனுப்பும்.

இந்த ஊரில் கல்யாணம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? /25-இல் உள்ள 126 போதாமல் போகலாம். இப்போதைய போன்கள் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் கருவியின் அடையாள எண்) மாற்றிக்கொண்டு வருவதால் ஒரே போன் இரண்டு ஐபியைப் பிடித்துவைக்கவும் செய்யும். விருந்தினர் பங்குக்கு மட்டும் டிஎச்சிபி லீஸை, அதாவது ஒரு கருவி ஐபியை வைத்துக்கொள்ளும் காலத்தை, ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டேன். அடுத்து வந்த முகூர்த்தத்தைச் சமாளித்தது.

பிறகு மாடியில் சோலார் இன்வெர்ட்டர்கள் வைத்தார்கள். மிச்சமிருந்த 40.248/29-ஐ அவற்றுக்குக் கொடுத்தேன், வேறு எந்தப் பங்கிலும் கை வைக்காமலே.