சேதாரச் சதவீதத்துக்கு எந்தத் தரவு வகை?

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு நகைக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளில், சேதாரச் சதவீதத்தைச் சேமிக்கும் புலத்துக்கு, புள்ளி வைத்த எண்களுக்கான ஃப்ளோட் வகையைக் கொடுத்திருந்தேன். 12.5 சதவீதம் என்று தேடிப் பார்த்தபோது பட்டியல் சரியாக வந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். சில நாள் கழித்துக் கடைக்கார அண்ணாச்சி அழைத்து, “தம்பி, 7.4 போட்ட நகை ஒண்ணுகூடத் தேடுனா வரமாட்டேங்குதே” என்றார்.

ஃப்ளோட் எண்களை இரும முறையில், அதாவது இரண்டின் அடுக்குகளின் கூட்டலாக வைக்கிறது. எட்டு, நான்கு, அரை என்று 12.5 மீதியின்றிப் பிரிந்துவிடும், 7.4 எவ்வளவு பிரித்தாலும் முடியாது. ஆகவே பதிவுகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் திரையில் 7.4 என்று காட்டினாலும், உள்ளே வைத்திருந்தது ஏறக்குறைய 7.4000000954 என்ற எண்ணை. சமக்குறி போட்டுத் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்? நான் சோதித்துப் பார்த்ததோ, இந்தச் சிக்கலே வராத ஓர் எண்.

எண்ணைத் தசம இலக்கங்களாக அப்படியே வைக்கும் டெசிமல் வகைக்கு மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எத்தனை இலக்கம் என்பதில்தான் யோசனை தேவைப்பட்டது. டெசிமல்(4,2) என்றால் மொத்தம் நான்கு இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் இரண்டு; அது 99.99-ஓடு நின்றுவிடும், முழு 100 அதில் ஏறாது. டெசிமல்(5,2) போதுமென்றுதான் பலரும் நினைப்பார்கள். பில்லில் வரும் வரிச் சதவீதங்களுக்கும் இதே வகைதான். தங்கத்தின் 3 சதவீத ஜிஎஸ்டி மத்திய வரி 1.5, மாநில வரி 1.5 என்று பிரிவதால் அதுவரை சரிதான். ஆனால் பட்டை தீட்டாத விலையுயர்ந்த கற்களுக்கு வரி 0.25 சதவீதம். அதன் பாதி 0.125. இரண்டே தசம இடம் உள்ள புலம் அதைப் பிழைச்செய்தி எதுவும் தராமல் 0.13 ஆக்கிவிடும். ஒரு லட்ச ரூபாய்க் கல்லுக்கு 125, 125 என்று வரவேண்டியது 130, 130 ஆகி, வாடிக்கையாளரிடம் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிவிடுவோம். எனவே டெசிமல்(6,3) என்று முடிவு செய்தேன். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு நான்கு பைட்; ஃப்ளோட்டுக்கும் அதே நான்கு பைட்தான் என்பதால், இடம் மிச்சம் என்ற வாதமும் இங்கே நிற்காது.

7.4 என்றே வைப்பதா, 0.074 என்று வைப்பதா என்ற கேள்விக்கு, கடையில் சொல்லும் எண்ணையே வைப்பது என் வழக்கம். நூறால் வகுப்பதைக் கணக்கிடும் இடத்தில் ஒரே ஒருமுறை செய்துகொள்ளலாம். ஆனால் புலத்தின் பெயரிலேயே ‘சதவீதம்’ என்ற சொல் இருக்க வேண்டும். இல்லையேல் 0.5 என்ற பதிவைப் பார்ப்பவருக்கு அது அரைச் சதவீதமா, ஐம்பது சதவீதமா என்று தெரியாது. 0 முதல் 100 வரை மட்டுமே ஏற்கும் செக் நிபந்தனையையும் சேர்த்தேன். மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் அந்த நிபந்தனையைப் படித்துவிட்டுப் புறக்கணித்துவிடும் என்பதால், கடைக் கணினியின் பதிப்பைப் பார்த்த பிறகே சேர்த்தேன்.

புலத்தின் வகையை மாற்றியதும் பழைய பதிவுகள் தாமாகவே 7.400 ஆகிவிட்டன. அன்று மாலையே அண்ணாச்சியின் தேடலில் 7.4 நகைகள் வந்தன.