ஜூன் 19ம் சூளை அட்வான்சும்

எங்க க்ளையன்ட் அமெரிக்கா கம்பெனி, ஜூன் 19 வந்தா அவங்களுக்கு லீவு, மீட்டிங் கிடையாது, ஓசூர்ல உக்காந்திருக்கிற எங்களுக்கும் அன்னைக்கு கொஞ்சம் மூச்சு விடலாம், அவ்ளோதான் அந்த நாளைப் பத்தி எனக்கு தெரிஞ்சது. போன வருஷம் எச்ஆர் அதுக்குன்னு ஒரு ப்ரோகிராம் வச்சாங்க, கேக், ஸ்லைடு எல்லாம். அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் 1863 ஜனவரிலயே அடிமைகளுக்கு விடுதலைன்னு அறிவிச்சிட்டாரு, ஆனா டெக்சாஸ்ல கால்வெஸ்டனுக்கு பட்டாளம் வந்து அதை சொன்னது 1865 ஜூன் 19ல தான். ரெண்டரை வருஷமான்னு எல்லாரும் உச்சு கொட்டிட்டு கேக் சாப்ட்டோம்.

தட்டு எடுக்க வந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா, பென்னாகரம் பக்கத்து ஆளு, ஸ்க்ரீன்ல இருந்த சங்கிலி போட்ட அடிமைங்க படத்தை பாத்து என்ன சார் இதுன்னாங்க. சொன்னேன். "சங்கிலி எதுக்கு சார், அட்வான்ஸ் போதுமே"ன்னாங்க.

2003 வாக்குல அவங்கப்பா அட்வான்ஸ் வாங்கிட்டு குடும்பத்தோட செங்கல் சூளைக்கு போயிருக்காரு. அப்பாவும் அம்மாவும் கல்லு அறுக்க, காயற கல்லை திருப்பி போடறது இவங்க வேலை, ஏழாவதோட படிப்பு போச்சு. மழையில கல்லு கரைஞ்சா அந்த கூலி கிடையாது, கணக்கு நோட்டு மேஸ்திரி கிட்ட, சீசன் முடிஞ்சு பாத்தா கடன் ஏறித்தான் இருக்குமாம். பாட்டி சாவுக்கு அப்பாவை மட்டும் தான் விட்டாங்க சார், நாங்க அடமானம் மாதிரி அங்கயே இருந்தோம்னு சொல்லிக்கிட்டே டேபிள்ல ஒட்டியிருந்த க்ரீமை துடைச்சாங்க.

சாயங்காலம் தாலுகா ஆபீஸ்ல இருக்கிற மச்சானுக்கு போன் போட்டேன். கொத்தடிமை ஒழிப்பு சட்டம் 1976லயே வந்தாச்சு மாமா, அந்த மாதிரி கடன் மொத்தமும் ரத்து, இப்பல்லாம் உடனடி உதவியா 30,000 வரைக்கும் கூட கொடுக்கலாம், பிப்ரவரி 9 கொத்தடிமை ஒழிப்பு நாள், அன்னைக்கு நாங்க உறுதிமொழி எடுப்போமேன்னான். அந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா வீட்ல இது ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க தாய்மாமா ஆடு வித்து, எப்பவோ ரத்தான கடனை கட்டித்தான் கூட்டிட்டு வந்திருக்காரு. 1976ல இருந்து கணக்கு போட்டா 27 வருஷம், நாங்க ரெண்டரைக்கு உச்சு கொட்டிட்டு இருந்தோம்.

மறுநாள் எங்க கூட சாப்பிட வாங்கக்கான்னு கூப்ட்டேன், ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க மாடிப்படிக்கு கீழ தான் சாப்பிடுவாங்க, நாலு வருஷமா பாத்துட்டு தான் போயிட்டு வரேன், உறைச்சதே இல்ல. வரமாட்டேன்னுட்டாங்க. எச்ஆர்ல கேட்டா காண்ட்ராக்ட் ஆளுங்க, அது வெண்டர் விஷயம்னாங்க. இப்ப வெள்ளிக்கிழமை மட்டும் நான் டிபன் பாக்சை எடுத்துட்டு கீழ போறேன். சார் வேணாம்கான்னு சொன்னதுல ரெண்டு நாள் தம்பின்னாங்க, சூப்பர்வைசர் தலை தெரிஞ்சா மறுபடி சார்.