சந்தையைக் கீறுகிறேன்: நாட்குறிப்பு

யூலை 6, ஞாயிறு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் படத்தைத் தொடங்கிவிட்டேன். 22க்கு 30 அங்குலத் தாள், பென்சில் மட்டும். காலை ஒன்பது மணி நெரிசலுக்குள் நிற்கும்போது என் கண்ணில் எப்படி விழுகிறதோ அதை அப்படியே கீற வேண்டும். நெடுநாள் ஆசை.

எனக்கு ஓட்டிசம். கண்ணும் காதும் வாங்குவதை மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். அந்த நெரிசலுக்குள் இருந்துகொண்டு என்னால் கீற முடியாது. தம்பி போய்ப் போனில் எடுத்துத் தந்தான். ஆனால் முன்னுக்கு இருக்கும் கத்தரிக்காய்க் குவியலை மட்டும் தெளிவாகக் காட்டி, பின்னால் இருப்பதையெல்லாம் போன் தானே மங்கலாக்கிவிட்டது. எனக்கு எதுவும் மங்குவதில்லை. மூன்று கடை தள்ளித் தொங்கும் வாழைக்குலையின் புள்ளியும் காலடியில் கிடக்கும் கீரைத்தண்டும் ஒரே நேரத்தில், ஒரே கூர்மையில் வந்து விழும். அதனால் விடிய, ஆட்கள் கூடுமுன் நானே போய், போன் விட்டதையெல்லாம் கொப்பியில் குறித்து வந்தேன். முருங்கைக்காய் விற்கும் ஆச்சி, "என்ன பிள்ளை, வாங்காமல் கீறிக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். ஒரு கட்டு வாங்கினேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

யூலை 13, ஞாயிறு

மேல் இடது மூலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன். கூரைத் தகரத்தின் ஆணி, ஆணியிலிருந்து கயிறு, கயிற்றில் மாட்டிய சொப்பிங் பைக் கட்டு. முதலில் முழுப் படத்துக்கும் மெல்லிய கோடு போடு, விவரமெல்லாம் கடைசியில் என்றுதான் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது வரவே இல்லை. ஒன்றை முடித்தால்தான் அதன் பக்கத்தில் இருப்பது வரும்.

கனடாவில் லோரன் மொத்ரோன், சில்வி பெல்வீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மிகத் திறமையாக வரையும் ஓட்டிசம் உள்ள ஒருவரைப் பற்றி 1993இல் எழுதியிருக்கிறார்கள். அவரும் இப்படித்தான், ஒரு துண்டை முடித்துப் பக்கத்துத் துண்டுக்கு நகர்வாராம். அதை முதலில் வாசித்த இரவு சந்தோசத்தில் எனக்கு நித்திரையே வரவில்லை.

யூலை 20, ஞாயிறு

இன்று முழுக்கத் தராசுத் தட்டு. விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருக்கிறது. அந்த நெளிவில் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து, ஒரு கீற்று மேலே போகிறது, மற்றது தட்டுக்குள் இறங்குகிறது. இறங்கும் கீற்றுக்குப் பக்கத்தில் காய்ந்துபோன மண் ஒரு நகத்தளவு.

இருட்டை 6பி என்ற மிக மென்மையான, கறுப்புக் கூடிய பென்சிலால் அமத்தினால் காரீயம் பளபளக்கும். சாய்த்துப் பார்த்தால் இருட்டே வெளுத்துத் தெரியும். ஆகவே அதைவிடக் கடினமான 2பி-யைத் திரும்பத் திரும்பக் கூராக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் படை படையாக ஏற்றுகிறேன். விரலால் தேய்ப்பதில்லை. தேய்த்தால் ஓரங்கள் மென்மையாகிவிடும். சந்தையில் எனக்கு மென்மையான ஓரம் ஒன்றுகூடக் கிடையாது.

யூலை 29, செவ்வாய்

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாக் கொடியேற்றம். இனி 25 நாளும் ஊர் முழுக்கச் சத்தம். பென்சிலைத் தொடவில்லை. சத்தம், வெளிச்சம், தொடுகை இவை மிகையாகப் படுவதும் ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2013இல்தான் சேர்த்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதற்குப் பெயர் செல்லம்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஓட்டிசம் உள்ள ஆங்கிலேய ஓவியர் ஸ்டீபன் வில்ற்ஷயரின் வீடியோவை மாமி அனுப்பியிருக்கிறார். 2005இல் ஹெலிகொப்டரில் ஒரு சின்னச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தோக்கியோ நகரத்தை 10 மீற்றர் நீளத்தில் நினைவிலிருந்தே வரைந்தவர். "நீயும் இப்படிச் செய்வாயோ?" என்று கேள்வி. இல்லை, மாமி. எனக்கு அந்த நினைவு கிடையாது. பார்த்துப் பார்த்துத்தான் கீறுகிறேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

எனக்கு முன்னர் படிப்பித்த ஒருவர் வந்து படத்தைப் பார்த்தார். கை நன்றாக இருக்கிறது, ஆனால் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, ஆச்சியை முதன்மையாக வைத்து மற்றதை மங்கவிடு என்றார். போகும்போது, மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் நவீன ஓவியத்துக்குப் போ என்றும் சொன்னார்.

யாழ்ப்பாணக் குருநகரில் பிறந்த நவீன ஓவியர் மாற்குவின் ஓவியங்களை நான் மதிக்கிறேன். உருவத்தை மாற்றித்தான் அவரால் சொல்ல முடிந்தது. அது அவருடைய உண்மை. என்னுடைய உண்மை உருவம் குலையாததில் இருக்கிறது. மனம் கலங்கியவர்களுக்கு உலகம் சுழியாகவும் கறையாகவும்தான் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு உலகம் அளவுக்கு மிஞ்சித் தெளிவாகத் தெரிகிறது, களைப்பே அதனால்தான். ஆச்சியை முன்னுக்குக் கொண்டுவந்து தகரத்தின் ஆணியை மங்கவிட்டால் படம் அழகாகலாம். ஆனால் அது வேறு யாரோ பார்த்த சந்தை. மாற்றப்போவதில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

"எனக்குத் தலை சுத்துது, பிள்ளை. எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை."

"அங்க நிக்கேக்க எனக்கும் அப்பிடித்தான், அம்மா."

"எப்பவுமோ?"

"எப்பவும்."

"சின்னனில உன்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனால் நிலத்தில இருந்து கத்துவாய். நான் அடம் எண்டெல்லோ நினைச்சன்."

எத்தனையோ தடவை வாயால் சொல்லப் பார்த்த விசயம் இது. பிறகு அம்மா ஆச்சியின் கையையும் முருங்கைக்காய்க் கட்டையும் கண்டுபிடித்து, இது எந்தக் கடை, அது யாருடைய தராசு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றார். தேத்தண்ணி ஆறிப்போனது.

கீழ் வலது மூலையில் சின்ன வெங்காயக் கூடை மட்டும் பாக்கி. தோல் உரிந்து கிடக்கிறது, நிறைய வேலை இருக்கிறது.